அக்காவுக்கு வந்த ஆர்டர், தங்கைக்குப் போன ஆர்டர்

பதினோரு வருஷத்தில் ஜிப் அக்கா ஏழு முறை நீண்ட லீவு கேட்டாள். ஏழு முறையும் மேலாளர் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "ஆர்டர் கையில இருக்கும்போது எப்படிம்மா விடுறது? கொஞ்சம் பொறு." ஆர்டர் இல்லாத மாதங்களில் லீவு கேட்கவே வேண்டியதில்லை, ஆலையே கதவைச் சாத்தி வீட்டுக்கு அனுப்பிவிடும். அப்போது கையில் காசு இருக்காது. கடல் தாண்டிப் போகிற டிக்கெட்டை யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கமாட்டார்களே. காசு இருந்தால் லீவு இல்லை, லீவு இருந்தால் காசு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் தன் தங்கையின் முகத்தை நேரில் பார்க்காமல் பதினோரு வருஷத்தை ஓட்டினாள்.

ஜிப் அக்கா என்பது ஆலையில் வைத்த பெயர். பயணப் பைகள் தைக்கும் ஆலை அது. நீளமான கூடம், மேலே வரிசையாக டியூப் லைட்டுகள், கீழே நான்கு லைன்கள், லைனுக்கு முப்பத்திரண்டு மெஷின்கள். வெட்டிய துணி ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனையில் பையாக வெளியே வரும். இடையில் பத்தொன்பதாவது மெஷின் அவளுடையது. பையின் வாயில் ஜிப் வைத்துத் தைப்பது அவள் வேலை. கேட்பதற்கு லேசாகத்தான் இருக்கும். ஆனால் மூலை வளைவில் துணி சுருங்காமல், நூல் குதிக்காமல், ஜிப்பின் பல் ஒதுங்காமல் திருப்புவது எல்லோருக்கும் வந்துவிடாது. மற்றவர்கள் மூலை வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மிதியிலிருந்து காலை எடுப்பார்கள். அவள் எடுக்கமாட்டாள். பக்கத்து ஆளோடு பேசிக்கொண்டே திருப்பிவிடுவாள். ஒரு பைக்கு இருபத்தாறு நொடி.

அந்தப் பக்கத்து ஆள் ஒரு காலத்தில் தங்கைதான். இருபதாவது மெஷின், கைப்பிடி தைக்கிற இடம். ஜிப் அக்காவை விட ஏழு வயது இளையவள். 'சின்னது' என்றுதான் அக்கா கூப்பிடுவாள். சின்னதுக்கு வாய் ஓயாது. சூப்பர்வைசர் நடக்கிற நடை, மேலாளர் தொண்டையைச் செருமுகிற தினுசு, எதையும் விட்டுவைக்கமாட்டாள். அக்கா பையைத் தள்ளிக்கொண்டே "இந்தாடி" என்பாள், சின்னது "கொண்டாடி" என்று வாங்குவாள். நாளைக்குத் தொள்ளாயிரம் பை, தொள்ளாயிரம் இந்தாடி.

சின்னதைக் கட்டிக்கொண்டவன் வேறொரு நாட்டின் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். "மூணே வருஷம்க்கா. கொஞ்சம் சேத்துக்கிட்டு இங்கயே வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டுத்தான் சின்னது புறப்பட்டாள். அவள் விமானம் ஏறிய அன்று ஆலையில் ஷிப்மென்ட். சாயங்காலத்துக்குள் பெட்டிகள் லாரியில் ஏறியாக வேண்டும். ஜிப் அக்காவால் எழுந்து போக முடியவில்லை. பேருந்து ஓட்டுநரான அவள் கணவர்தான் கூடப் போய் வழியனுப்பிவிட்டு வந்தார். இருபதாவது மெஷினில் அன்றைக்கே வேறொருத்தியை உட்காரவைத்துவிட்டார்கள். பையைத் தள்ளிய ஜிப் அக்கா பழக்கதோஷத்தில் "இந்தாடி" என்றாள். "என்ன, வந்த முதல் நாளே வாடி போடிங்கறீங்க?" என்று அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்கப்புறம் ஜிப் அக்கா லைனில் வாயைத் திறப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னது போன் செய்தாள்.

"அக்கா, நான் வேலையில சேந்துட்டேன்."

"என்ன வேலை?"

"எனக்கு வேற என்ன தெரியும்? பைதான்."

"என்ன மாதிரி பை?"

"நீலம். உள்ள சாம்பல் கலர் லைனிங். பக்கத்துல தண்ணி பாட்டில் வைக்க வலை. கைப்பிடிக்கு ரெட்டைத் தையல்."

முந்தின நாள் மத்தியானம்தான் அந்த வலையில் ஜிப் அக்காவின் மோதிர விரல் மாட்டி நகம் பெயர்ந்திருந்தது. அவள் விரலைப் பார்த்தாள்.

"ஏய், அது எங்க பைடி!"

"இனிமே எங்க பை," என்று சின்னது சிரித்தாள்.

அவள் விளையாட்டாகச் சொன்னாள், நடந்தது அப்படியேதான். இரண்டு ஆலைகளுக்கும் பையர், அதாவது சரக்கை வாங்குகிறவர், ஒருவர்தான். தொலைவில் எங்கோ பணக்கார நாட்டில் கடைகள் வைத்திருக்கிற பெரிய கம்பெனி. எந்த நாட்டில் பை மலிவாக, சீக்கிரமாக முடிகிறதோ அந்த நாட்டுக்கு ஆர்டரைக் கொடுத்துவிடும். சின்னது போன நாட்டில் ஒரு வருஷம் பணத்தின் மதிப்பு இறங்கியது. அங்கே தைக்கிற பை பையருக்கு மலிவாகக் கிடைத்தது, இங்கே ஜிப் அக்கா நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்தாள். அடுத்த வருஷம் அங்கே மின்வெட்டு, துறைமுகத்தில் வேலைநிறுத்தம். ஆர்டர் இங்கே வந்தது, சின்னது வீட்டில் உட்கார்ந்தாள். அப்புறம் இங்கே கூலியை உயர்த்தினார்கள். உயர்ந்த கூலியை இரண்டு மாதம் வாங்குவதற்குள் ஆர்டர் மறுபடி அங்கே போய்விட்டது.

"உங்க அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே செருப்பை மாத்தி மாத்திப் போட்டுக்கறீங்க," என்பார் கணவர். "ஒருத்தி வெளிய போனா இன்னொருத்தி வீட்டுல."

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன்களில் மெல்ல ஒரு கட்டுப்பாடு வந்து சேர்ந்தது. யாருக்கு வேலை இருக்கிறதோ அவள் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது. யாரும் சொல்லி வைத்ததில்லை, தானாக வந்தது. ஜிப் அக்கா ஓவர்டைம் பார்த்துத் தோள்பட்டை வலியோடு உட்கார்ந்திருப்பாள். "உடம்பு எப்படி இருக்கு?" என்று சின்னது கேட்டால் "எனக்கென்ன, நல்லா இருக்கேன்" என்பாள். தோள் வலிக்கிறது என்று சொன்னால் இங்கே வேலை ஜோர் என்று அர்த்தமாகிவிடும். சின்னது பக்கமும் அப்படியே. வேலையை விட்டுவிட்டுப் பேசினால் பேச என்ன இருக்கிறது? பிள்ளை என்ன படிக்கிறாள், மழை பெய்ததா, என்ன சமைத்தாய். அடுத்தடுத்த மெஷினில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசியும் தீராதவர்கள், பத்து நிமிஷத்தில் "சரி, அப்புறம்?" என்று கேட்டுக்கொள்கிற நிலைக்கு வந்தார்கள்.

சின்னதின் நாட்டில் கடிகாரம் இரண்டரை மணி நேரம் முந்தி ஓடும். ஜிப் அக்கா மனசுக்குள் அந்த மணியையும் ஓட்டிக்கொண்டேயிருந்தாள். இங்கே பத்து மணி டீ வரும்போது, 'அவ சாப்பிட்டு முடிச்சிருப்பா' என்று நினைப்பாள். மூன்றரை மணிக்குக் கூடத்து வாசலில் வெயில் சாய்ந்து விழும்போது, 'அவ கையைக் கழுவிட்டு வெளிய வந்திருப்பா' என்று தோன்றும். அந்த நினைப்பில் யாரும் அவளைக் கூப்பிட்டால் இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருக்கும்.

ஒருநாள் மேலாளர் கைகழுவும் இடத்துக்கு மேலே ஒரு தாளை ஒட்டினார். உலகச் சந்தையில் போட்டி போடுகிற நாடுகளின் வரிசையாம், யாரோ அளந்து போட்டது. நம் நாடு நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்தாறுக்கு இறங்கியிருந்தது. சின்னதின் நாடு முப்பத்தொன்பதுக்கு ஏறியிருந்தது. ஜிப் அக்கா அந்த வாரம் போனில் சொன்னாள்:

"நாங்க நாப்பத்தாறாம். நீங்க முப்பத்தொன்பதாம்."

"யாரு நம்ம வயசை எழுதி ஒட்டினது?" என்றாள் சின்னது.

உண்மையிலேயே இருவரின் வயதும் அதுதான். அன்று வெகுநாள் கழித்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்தபோது சின்னது, "அக்கா, உனக்கு நாப்பத்தாறா ஆயிடுச்சு?" என்று கேட்டாள்.

அந்த வருஷக் கடைசியில் பெரிய ஆர்டர் ஒன்று பேச்சில் வந்தது. இருபது லட்சம் பை, இரண்டு வருஷ வேலை. பையரின் ஆள் ஒவ்வொரு ஆலையாக வந்து, கையில் கடிகாரத்தோடு மூன்று நாள் நின்று பார்ப்பாராம். ஜிப் வைப்பதில்தான் பையின் வேகமே இருக்கிறது என்பதால் அந்த இடத்துக்கு அருகில்தான் நிற்பார். இங்கே யாரை உட்காரவைப்பது என்று மேலாளர் யோசிக்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னது கட்டுப்பாட்டை மீறி வேலையைப் பற்றிப் பேசினாள்.

"உங்க பக்கம் ஜிப்புக்கு யாரு?"

"யாருன்னு நினைக்கிற?"

"இங்க என்னை உக்கார வெச்சிருக்காங்க. கைப்பிடியை விட்டு ரெண்டு வருஷமாச்சு, உன்கிட்ட சொல்லல. மூலை திருப்பறதெல்லாம் உன்னைப் பாத்து வந்ததுதான்."

ஜிப் அக்காவுக்குப் பெருமையும் பயமும் ஒன்றாக வந்தது. "காலை எடுக்காமத் திருப்புறியா?"

"எடுக்காமத்தான். அக்கா, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. எனக்காக நீ கையைத் தளத்தினன்னு வை, ஜென்மத்துக்கும் உன்கிட்ட பேசமாட்டேன்."

"பெரிய இவ! உனக்காக நான் ஏன்டி தளத்தணும்?"

"உன்னை எனக்குத் தெரியாதா?"

கடிகாரக்காரர் வந்தார். மெலிந்த மனிதர், மரியாதையானவர், செருப்புச் சத்தம் கூடக் கேட்காது. ஜிப் அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். முதல் நாள் இருபத்தைந்து. இரண்டாம் நாள் இருபத்துமூன்று. கூடத்தில் இருந்த நூற்றிருபது பேரும் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம், கூரை, மருந்து எல்லாம் அந்த மூலை வளைவில் இருந்தது. மூன்றாம் நாள் காலையில் ஒரு பையை எடுத்தபோது அவளுக்குச் சின்னதின் முகம் வந்தது. இதே நீலத் துணியை மடியில் போட்டுக்கொண்டு, இதே மூலைக்கு வந்துகொண்டிருக்கிற முகம். அந்த ஒரு பையை அவள் வேண்டுமென்றே நிதானமாகத் தைத்தாள். கடிகாரம் முப்பது காட்டியது. அவர் அதை எழுதிக்கொண்டார். அடுத்த பையையும் அப்படித்தான் தைக்க நினைத்தாள். கை கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் ஓடிப் பழகிய கை அது. இருபத்திரண்டு நொடியில் பை அந்தப் பக்கம் போய் விழுந்தது. லைனில் யாரோ கை தட்டினார்கள். ஜிப் அக்கா குனிந்து நூலைத் தேடுவது போல முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து மேலாளர் எல்லோரையும் கூடத்தின் நடுவில் கூப்பிட்டார்.

"நமக்கு இல்ல," என்றார். "அவங்களுக்கும் இல்ல."

ஆர்டர் மூன்றாவதாக ஒரு நாட்டுக்குப் போயிருந்தது. ஜிப் அக்கா அந்தப் பெயரை அதற்கு முன் கேள்விப்பட்டதுகூட இல்லை.

"அங்க ஜிப்புக்கு எத்தனை நொடிங்க?" என்று கேட்டாள்.

மேலாளர் தாளைப் புரட்டினார். "முப்பத்துநாலு."

கூடம் சலசலத்தது. "அப்புறம் எப்படி?" என்று பலரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"உங்க கையில குறை ஒண்ணும் இல்லம்மா. அங்க புதுசா துறைமுகம் கட்டியிருக்காங்க. கரண்ட் பாதி விலை. அஞ்சு வருஷத்துக்கு வரி கிடையாது. இங்க நீங்க நாலு நொடி மிச்சம் பிடிச்சீங்க. நம்ம லாரி துறைமுக வாசல்ல நாலு நாள் நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் குரல் உடைந்திருந்தது. அவர்மேல் கோபப்படக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனை எடுத்து, இரண்டு பக்கமும் லைன் கிடைக்காமல் அல்லாடிவிட்டுக் கடைசியில் சேர்ந்தார்கள்.

"அக்கா, முதல் தடவையா ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு," என்றாள் சின்னது. சொல்லிவிட்டு அழுதாள்.

ஜிப் அக்காவின் லைனையும் அடுத்த லைனையும் நிரந்தரமாக மூடினார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை அவள் கணவர் தொடவில்லை. மறுநாளே டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். "வேலை எப்ப வேணா தேடிக்கலாம். இப்ப போகலேன்னா நீ எப்பவும் போகமாட்ட. எட்டு நாள். போய்ட்டு வா."

போனில் வாரம் தவறாமல் பார்த்த முகம்தான் என்பதால் விமான நிலைய வாசலில் அடையாளம் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்காது என்று நினைத்திருந்தாள். முகம் பழகிய முகம்தான், நடைதான் புதுசு. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்த பெண்ணுக்கு வலது தோள் ஒரு விரல் இறங்கியிருந்தது. மெஷின் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்களுக்கு வருகிற இறக்கம். ஜிப் அக்காவுக்கும் அதே தோள்தான். "உனக்குமாடி?" என்று அந்தத் தோளைத் தொட்டாள். பதினோரு வருஷம் சேர்த்து வைத்திருந்த பேச்சில் முதலில் வந்தது அதுதான். சின்னதின் ஒன்பது வயது மகள் அம்மாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "பெரியம்மா, போன்ல நீங்க பெரிசா தெரிஞ்சீங்க" என்றாள்.

முதல் இரண்டு நாட்கள் தூக்கம் தவிர மற்ற நேரமெல்லாம் பேச்சுதான். வேலையைப் பற்றித்தான் பேசினார்கள். எத்தனை வருஷமாகப் பேசாமல் விட்டது! எந்த நூல் அறுகிறது, எந்தச் சூப்பர்வைசர் கிறுக்கன், எந்த மாதம் யார் வீட்டில் உட்கார்ந்தது, அப்போது என்ன சொல்லி மறைத்தது. "நீ அழுதுட்டுத்தான் போன் எடுத்தேன்னு எனக்குத் தெரியும்," என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் காலையில் ஆலையிலிருந்து சின்னதுக்கு ஆள் வந்தது. மூன்றாவது நாட்டிலிருந்து போன முதல் சரக்கில் ஜிப் பிய்ந்துகொண்டு வந்ததாம். பையர் அவசரத்துக்கு இருபதாயிரம் பையை இங்கே தள்ளியிருக்கிறார். உடனே வர வேண்டும்.

சின்னது வாசலில் நின்றபடியே, "முடியாதுன்னு சொல்லிடறேன்க்கா" என்றாள்.

"சொன்னா?"

"வேற யாரையாவது உக்கார வெச்சிடுவாங்க."

"அப்புறம் என்ன நின்னு யோசிக்கிற? போய் உக்காரு, போ."

"அக்கா, நீ இருக்கிறதே இன்னும் ஆறு நாளு..."

"போடின்னா போ!"

சின்னது போனாள். ஐந்து நாட்கள், விடிவதற்குள் புறப்பட்டு, இருட்டின பிறகு வந்தாள். வந்ததும் சாப்பிட்டபடியே கண் செருகிவிடும். பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடுவாள், கிரேன்காரர் துறைமுகத்துக்குப் போய்விடுவார். அந்த இரண்டு அறையில் ஜிப் அக்கா தனியாக இருந்தாள். கடல் தாண்டி வந்தும் பக்கத்தில் இல்லாத தங்கைக்காகக் காத்திருந்தாள். சின்னதின் செருப்பில் கால் நுழைத்துப் பார்த்தாள், சரியாக இருந்தது. அவள் சீப்பில் சிக்கியிருந்த நரைமுடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மத்தியானம் அவள் படுக்கிற பக்கத்தில் படுத்து, அவள் தினமும் பார்க்கிற கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருந்தபோது இருந்த ஏக்கத்தைவிட இது கூடுதலாக வலித்தது. அங்கே கடலைத் திட்டலாம். இங்கே யாரைத் திட்டுவது?

கடைசி நாளுக்கு முந்தின நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. சமைத்ததை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு, வழி கேட்டுக் கேட்டு ஆலை வாசலுக்கே போய்விட்டாள். காவலாளிக்கு இவள் பேசியது பாதிதான் புரிந்தது, ஆனால் டப்பாவும் முகமும் புரிந்திருக்க வேண்டும். கூடத்தின் வாசல் வரை விட்டார். எட்டிப் பார்த்தாள். அதே நீளம், அதே டியூப் லைட், அதே நீலம். பத்தொன்பதாவது மெஷின் இருக்க வேண்டிய இடத்தில் சின்னது குனிந்திருந்தாள். மூலை வந்தது. காலை எடுக்கவில்லை. பை திரும்பியது. ஜிப் அக்காவின் வலது பாதம் செருப்புக்குள் தானாக அழுந்தியது.

மணி அடித்ததும் சின்னது ஓடி வந்தாள். சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம். சுவரோரம் நிழலில் நின்றபடியே இரண்டு பேரும் ஒரே டப்பாவில் கை விட்டுச் சாப்பிட்டார்கள்.

"எத்தனை நொடி எடுத்தேன், பாத்தியா?"

"எண்ணல," என்றாள் ஜிப் அக்கா. "நல்லா திருப்புற. என்னைவிட நல்லா."

"பொய் சொல்லாத."

"சத்தியமா."

சின்னது எண்ணெய்க் கையோடு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு, கடிகாரக்காரர் வந்தப்ப, நான் ஒரே ஒரு பையை மெதுவா தைச்சேன்க்கா. உன்கிட்ட அப்படிப் பேசிட்டு நானே தைச்சேன்."

ஜிப் அக்கா சாப்பாட்டைப் பிசைந்தபடியே இருந்தாள். தானும் தைத்ததை அவள் சொல்லவில்லை. சொன்னால் அழுகை வரும், இருபது நிமிஷத்தில் பதினைந்து போயிருந்தது. "போ, மணி அடிக்கப்போவுது. கையைக் கழுவு, துணியில கறை படும்," என்று மட்டும் சொன்னாள். மணி அடித்தது. சின்னது ஓடினாள். நூற்றுக்கணக்கான மெஷின்கள் ஒன்றாகச் சத்தம் போட ஆரம்பித்தன. அதில் தங்கையின் மெஷின் எது என்று கண்டுபிடித்துவிடலாம் என்பது போல ஜிப் அக்கா சுவரில் சாய்ந்து வெகுநேரம் நின்றாள்.

ஊருக்குத் திரும்பி மூன்று மாதத்தில் அவளுக்கு வேறு வேலை கிடைத்தது. கணவரின் டிப்போவில் பேருந்து இருக்கைகளுக்கு உறை தைப்பது. "பஸ்ஸு இந்த ரோட்டுலதான் ஓடியாகணும். இதை எந்த நாடும் வந்து பிடுங்கிட்டுப் போக முடியாது," என்று கணவர் ஆறுதல் சொன்னார். உண்மைதான். கடிகாரம் வைத்து யாரும் நிற்பதில்லை. சம்பளம் குறைவு, ஆனால் மாதம் தவறாமல் வருகிறது. மிச்சமிருந்த இரண்டு லைனும் நின்றுபோய், ஆலைக் கூடத்தை இப்போது யாரோ கிடங்காக எடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான்களை இறக்கி வைக்கிறார்கள். பேருந்தில் அந்த வழியாகப் போகும்போது அவள் மறுபக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொள்வாள்.

சின்னதுக்கு அந்த இருபதாயிரம் பைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் வந்தது, அப்புறம் நின்றது, மறுபடி வந்தது. அவள் நாடு இருக்கிற இருப்பில் அடுத்த வருஷம் என்னவாகும் என்று அவளுக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருகிறது. இப்போது இருவரும் அவ்வளவாகப் பேசுவதுகூட இல்லை. போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்புப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டு, அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள். அந்தப் பக்கம் பாத்திரம் உருள்கிற சத்தம் கேட்கும். முன்பெல்லாம் அது வெறும் சத்தம். இப்போது ஜிப் அக்காவுக்கு அது ஜன்னலுக்குக் கீழே, இரண்டாவது தட்டில், கைப்பிடி உடைந்த பாத்திரம் என்று தெரியும்.

"அதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குடி," என்கிறாள்.

"எதை?" என்று கேட்கிறது கடலுக்கு அந்தப் பக்கம். ஒரு நொடி கழித்து, "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"